மொட்டைமாடி கேஸ் ஹீட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கட்டடத்தின் மேல், கூரையில் உட்கார வைத்து, டக்ட் வழியாகக் கீழே சூடான காற்று அனுப்பும் கேஸ் யூனிட்டுகள் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். நான் சொல்வது பொதுவான விளக்கம். உங்கள் யூனிட்டின் கதவில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகை, கூட வந்த கையேடு, உங்கள் ஊர் விதி, இவை மூன்றும் வேறு மாதிரி சொன்னால் அவை சொல்வதுதான் கணக்கு.

கேள்வி: எங்கள் அலுவலகக் கட்டடத்தின் மேல் இருக்கும் பழைய யூனிட்டை மாற்றப்போகிறோம். அதே அளவில் புதிது வாங்கி, பழைய அடிச்சட்டத்திலேயே வைத்து, பழைய பைப்பையே இணைத்துவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சம்மதிக்கலாமா?

ஒரே நாளில் தூக்கி வைக்க முடியும்தான். ஆனால் அதற்கு முன்னால் அவர் மாடிக்குப் போய் என்னென்ன அளந்தார் என்று கேளுங்கள். எதையும் அளக்காமல் "அதே அளவு" என்கிறார் என்றால் சம்மதத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

முதலில் யூனிட்டின் அளவு. பழையதை வைத்த பிறகு ஜன்னல் மாற்றியிருப்பீர்கள், கூரைக்கு இன்சுலேஷன் போட்டிருப்பீர்கள், உள்ளே தடுப்புகளை எடுத்திருப்பீர்கள். வெப்ப இழப்பைப் புதிதாகக் கணக்குப் போடாமல் பழைய எண்ணையே எடுத்தால் பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரிய யூனிட்தான் வந்து சேரும். பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் அதிகம். பெரிய பர்னர் சட்டென்று அறையைச் சூடாக்கி அணைந்துவிடும், சற்று நேரத்தில் மறுபடி எரியும், மறுபடி அணையும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்கள் (உள்ளே சுடர் பாயும், மேலே ஓடும் காற்று அவற்றால் சூடாகும்) முழுதாகச் சூடேறுவதற்குள் பர்னர் நின்றுவிட்டால் அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகும், லேசான அமிலத்தன்மையோடு தகட்டை அரிக்கும். யூனிட்டின் ஆயுள் குறைவதோடு, ஓட்டை விழுந்த குழாயால் வரும் ஆபத்தும் சேர்ந்து வருகிறது.

அடுத்தது, கர்ப் என்று சொல்கிற அந்த அடிச்சட்டம். புது யூனிட்டின் காற்று போகும் வாயும் வரும் வாயும் பழைய டக்ட் வாய்களுக்கு நேராக வருகின்றனவா? வராவிட்டால் நடுவில் ஒரு அடாப்டர் சட்டம் போடுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் எடையும் உயரமும் கூடும், காற்று பிடிக்கும் பரப்பும் கூடும். கூரை அதைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் தர வேண்டும். சட்டம் மட்டமாக இருக்கிறதா என்று நாலு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்திருந்தால் தண்ணீர் வடிய வேண்டிய பக்கம் வடியாது.

இனி பைப். நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். பைப் தாங்கும் கேஸின் அளவு அதன் விட்டத்தை மட்டும் பொறுத்ததில்லை. மீட்டரிலிருந்து எவ்வளவு தூரம், வழியில் எத்தனை வளைவு, அதே லைனில் வேறு எத்தனை கருவிகள் என்று எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பழைய யூனிட்டுக்குப் பிறகு கீழே சமையலறையோ வெந்நீர்க் கொதிகலனோ சேர்ந்திருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் வேலை முடிந்ததும் லைனில் உள்ள எல்லாக் கருவிகளையும் முழு வேகத்தில் எரிய விட்டு, அந்த நிலையில் புது யூனிட்டின் வாயில் கேஸ் அழுத்தத்தை மேனோமீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது அளந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கூரைமேல் ஓடும் பைப் தரையோடு படுத்துக் கிடக்கக் கூடாது, தாங்கிகள்மேல் உயர்ந்து நிற்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் கிடந்த இரும்புப் பைப்பின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழே செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். அப்புறம், 30 மீட்டர் நீள இரும்புப் பைப், வெப்பம் 40 டிகிரி மாறினால் கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதற்கு அசைய இடம் கொடுக்காமல் இறுக்கிக் கட்டினால் அந்த இழுப்பெல்லாம் கடைசி இணைப்பில், அதாவது யூனிட்டின் கேஸ் வால்வில் போய் முடியும்.

யூனிட்டுக்கு அருகிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், கையால் மூடும் வால்வு இருக்க வேண்டும். ஆறடிக்குள் என்று பல விதிகள் சொல்கின்றன. பைப்பில் வரும் துருவும் தூசும் கேஸ் வால்வுக்குள் போகாமல் தங்க, கீழ்நோக்கி மூன்று அங்குலமாவது நீளும் மூடிய துண்டுக் குழாய் ஒன்று வேண்டும். கழற்றி மாட்ட யூனியன் என்கிற பைப் இணைப்பு ஒன்று வேண்டும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரால் சோதிக்க வேண்டும். லைட்டரோ தீக்குச்சியோ காட்டிப் பார்ப்பவரை அந்த நிமிடமே கீழே இறங்கச் சொல்லுங்கள். இன்னொன்று: பைப்பை அதிக அழுத்தத்தில் சோதிக்கும்போது யூனிட்டைக் கழற்றிவிட வேண்டும். அரை பிஎஸ்ஐக்கு மேல், அதாவது 14 அங்குல நீர் அழுத்தத்துக்கு மேல் போனால் யூனிட்டுக்குள் இருக்கும் கேஸ் வால்வு கெட்டுவிடலாம். வால்வு உள்ளே கெட்டுப்போனது வெளியில் தெரியாது.

இடமும் முக்கியம். புகை வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் வேறு யூனிட்டின் வெளிக்காற்று உறிஞ்சும் வாய் வரக் கூடாது. பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பரவலான விதி. கூரை விளிம்புக்குப் பத்தடிக்குள் யூனிட் வந்தால் தடுப்புக் கம்பி போடச் சொல்லும் விதிகள் உண்டு. விதி இல்லாத ஊராக இருந்தாலும் போடுங்கள்.

கேள்வி: பள்ளிக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் யூனிட்டில் பர்னர் பக்கத்தில் ஒரு சின்ன வட்ட சுவிட்ச், நடுவில் பட்டன். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அது எகிறிவிடுகிறது, அழுத்தினால் ஓடுகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "அந்தச் சுவிட்ச் போயிடுச்சு, இரண்டு வயரையும் சேர்த்து டைரக்ட் பண்ணிடுங்க" என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். இதைப் படித்தவுடன் யூனிட்டின் ஹீட்டிங்கை நிறுத்தி, கேஸ் வால்வை மூடிவிடுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள். குழந்தைகள் உட்காரும் கட்டடம்.

நீங்கள் சொல்வது ரோல்அவுட் சுவிட்ச். சுடர் போக வேண்டிய குழாய்க்குள் போகாமல் முன்பக்கமாக வெளியே புரண்டு வந்தால், அந்தச் சூட்டில் அது திறந்து கேஸை நிறுத்தும். தானாகச் சேரக் கூடாது என்பதற்காகத்தான் கையால் அழுத்தும் பட்டன் வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதர் வந்து ஏன் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் நோக்கம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எகிறுகிறது என்றால், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை உங்கள் கூரைமேல் நெருப்பு வெளியே வருகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சே பழுதாகவும் இருக்கலாம், உண்டு. ஆனால் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

சுடர் ஏன் புரளும்? பர்னர் வாயில் சிலந்தி ஒட்டடை கட்டியிருக்கும். கோடை முழுக்க ஓடாமல் கிடந்த யூனிட்டில் இது சாதாரணம். குழாய்களுக்குள் புகைக்கரி அடைத்திருக்கும். புகைபோக்கியில் பறவைக் கூடோ இலையோ பனியோ அடைத்திருக்கும். கேஸ் அழுத்தம் அளவுக்கு மேல் வைத்திருப்பார்கள். அல்லது, இதுதான் மோசமானது, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டிருக்கும். பல யூனிட்டுகளில் பெரிய ப்ளோயர் காற்றை ஹீட் எக்ஸ்சேஞ்சர்மேல் தள்ளுகிறது, அதனால் விரிசல் வழியாகக் காற்று குழாய்க்குள் பாய்ந்து சுடரை முன்னால் தள்ளும். இதைக் கண்ணால் பார்க்க முடியும். பர்னர் எரிய ஆரம்பித்து, அரை நிமிடம் போல நீலச் சுடர்கள் நேராக, ஒரே மாதிரி குழாய்க்குள் பாய்ந்துகொண்டிருக்கும். பிறகு ப்ளோயர் கிளம்பும். அந்தக் கணத்தில் ஒரு சுடர் மட்டும் நடுங்கினாலோ, மஞ்சளாகி மேலே வளைந்தாலோ அந்தக் குழாயைச் சந்தேகப்படுங்கள். உங்கள் சுவிட்ச் பர்னர் பிடித்த உடனே எகிறாமல் சற்றுக் கழித்து எகிறுகிறது என்றால் அதற்கு இது விளக்கமாக இருக்கலாம். விரிசல் உறுதியானால் ஒட்டவோ வெல்டிங் வைக்கவோ பார்க்காதீர்கள், மாற்றியே ஆக வேண்டும்.

பொதுவாகவே இந்த யூனிட் எந்த வரிசையில் ஓடுகிறது என்று பராமரிப்பு பார்ப்பவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெர்மோஸ்டாட் சூடு கேட்கும். புகையை இழுக்கும் சின்ன ஃபேன், இண்டியூசர் என்பார்கள், முதலில் ஓடும். அது உண்மையிலேயே இழுக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கும். உள்ளே மிச்சமிருக்கும் கேஸ் எதுவானாலும் வெளியேறக் கொஞ்ச நேரம் விட்டு, பொறி வரும், கேஸ் வால்வு திறக்கும். சில நொடிகளுக்குள் சுடர் பிடித்ததா என்று ஃப்ளேம் சென்சார் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேஸ் நின்றுவிடும். பிறகுதான் பெரிய ப்ளோயர். காற்று போதாமல் அளவுக்கு மேல் சூடேறினால் லிமிட் சுவிட்ச் நிறுத்தும். அழுக்கு ஃபில்டர், அறுந்த பெல்ட், மூடிய டாம்பர் (டக்டில் காற்றைத் தடுக்கும் தகடு) என்று காரணம் பெரும்பாலும் காற்றுப் பக்கம் இருக்கும். ஒவ்வொரு படியிலும் முந்தைய படி நடந்ததற்குச் சாட்சி கேட்டுத்தான் அடுத்த படி நடக்கிறது. எந்த ஒரு சுவிட்சை டைரக்ட் பண்ணினாலும் யூனிட் ஓடும், ஆனால் சாட்சி இல்லாமல் ஓடும். பிரஷர் சுவிட்சை டைரக்ட் பண்ணினால் புகை வெளியே போகாவிட்டாலும் பர்னர் எரியும். லிமிட்டை டைரக்ட் பண்ணினால் ப்ளோயர் நின்ற பிறகும் எரியும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, தொழில் தெரிந்தவர் மீட்டர் வைத்து சுவிட்சின் இரு முனைகளிலும் வோல்டேஜ் பார்ப்பார். அதற்குக்கூட டைரக்ட் பண்ணத் தேவையில்லை. அந்த மெக்கானிக் இதற்கு முன் உங்கள் கட்டடத்தில் வேலை பார்த்திருந்தால், மற்ற சுவிட்சுகளிலும் இப்படி வயர் சேர்த்து வைத்திருக்கிறாரா என்று வேறொருவரை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மாடியில் யூனிட் பக்கத்தில் போகும்போது லேசாக கேஸ் வாடை வருகிறது. திறந்த வெளிதானே, காற்றில் கலந்துவிடும் என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. யூனிட் உட்கார்ந்திருக்கும் அடிச்சட்டம் உள்ளே காலியாக இருக்கும், அதன் வழியாகத்தான் டக்ட் கட்டடத்துக்குள் இறங்குகிறது. யூனிட்டின் பெட்டிக்குள் கசியும் கேஸ் கீழே போக வழி இருக்கிறது. இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே போகப் பார்க்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கைப்பிடிச் சுவருக்குள் தேங்கும், தண்ணீர் போகும் குழாயில்கூட இறங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இயற்கை எரிவாயு கலந்தால் தீப்பிடிக்கும். புரொப்பேனுக்கு சுமார் இரண்டு சதவீதமே போதும்.

யூனிட்டின் கை வால்வைப் பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மூடுங்கள். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கீழே, கட்டடத்துக்குள்ளும் வாடை இருந்தால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, வெளியே தள்ளி நின்று கேஸ் கொடுப்பவர்களின் அவசர எண்ணுக்கும் தீயணைப்புக்கும் போன் செய்யுங்கள். புதிதாகப் போட்ட இரும்புப் பைப், கேஸில் சேர்க்கும் வாடைப் பொருளை முதலில் உறிஞ்சிக்கொள்வதுண்டு. அதனால் வாடை குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து கசிவு நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் வேலைக்குச் சேர்ந்து கற்றுக்கொண்டிருக்கும் பையன். ஒரு யூனிட்டில் பொறி வருகிறது, பர்னர் பிடிக்கிறது, நாலைந்து நொடியில் அணைந்துவிடுகிறது. மூன்று தடவை முயன்று லாக் ஆகிவிடுகிறது. யூனிட்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டை மாற்றச் சொல்கிறார் சீனியர். போர்டுதானா?

தம்பி, போர்டுக்குப் போவதற்கு முன் ஃப்ளேம் சென்சாரைப் பார். சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பி, அடியில் வெள்ளைப் பீங்கான். போர்டு அந்தக் கம்பிக்கு ஏசி வோல்டேஜ் கொடுக்கிறது. சுடர் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் கம்பி சின்னது, எர்த் ஆகியிருக்கும் பர்னர் பெரியது. அந்த வித்தியாசத்தால் மின்சாரம் ஒரு பக்கமாக அதிகம் ஓடி டிசியாக மாறுகிறது. போர்டு எதிர்பார்ப்பது அந்த டிசியைத்தான், அதுவும் மைக்ரோ ஆம்பியர் கணக்கில். பெரும்பாலான யூனிட்டுகளில் ஒன்று முதல் ஐந்தாறு மைக்ரோ ஆம்பியர். உன் போர்டுக்கு எவ்வளவு குறைந்தால் போதாது என்பது கையேட்டில் இருக்கும்.

பவரை அணைத்துவிட்டு, மைக்ரோ ஆம்பியர் அளக்கும் மீட்டரை சென்சார் வயரோடு தொடராக மாட்டு, பிறகு பவர் கொடுத்து எரிய விட்டுப் பார். எண் குறைவாக வந்தால் மறுபடி பவரையும் கேஸையும் அணைத்துவிட்டுக் கம்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடி. மெல்லிய வெள்ளைப் படலம், கண்ணாடி பூசியது போல இருக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. மெல்லிய ஸ்டீல் நாரால் லேசாகத் தேய்த்து, சுத்தமான துணியால் துடை. முரட்டு உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்தால் படலம் இன்னும் சீக்கிரம் படியும். பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார். இருந்தால் கம்பியை மாற்று, சுத்தம் செய்து பயனில்லை.

சுத்தம் செய்தும் எண் ஏறவில்லையா? பர்னரின் எர்த் இணைப்பைப் பார். துருப்பிடித்த ஒரு திருகுதான் காரணம் என்று நான் பல யூனிட்டுகளில் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஃபேஸும் நியூட்ரலும் மாறி வந்திருக்கிறதா, கேஸ் அழுத்தம் குறைந்து சுடர் கம்பியைத் தொடாமல் இருக்கிறதா. இவ்வளவும் சரி என்றால் போர்டுக்குப் போ. சீனியரிடம் சண்டை வேண்டாம், அளந்த எண்ணை எழுதிக் காட்டு.

இன்னொன்று. லாக் ஆனதும் பவரை அணைத்து அணைத்துப் போட்டு ரீசெட் பண்ணிக்கொண்டே இருக்காதே. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் எரியாமல் உள்ளே போகிறது. இண்டியூசர் ஓடி முடிக்க நேரம் கொடு, முகத்தை பர்னர் வாய்க்கு நேராக வைக்காதே.

கேள்வி: ஹீட்டிங் ஓடும் நாட்களில் மட்டும் எங்கள் அலுவலகத்தில் மதியத்துக்கு மேல் பலருக்குத் தலைவலி, தலைசுற்றல். வெளியே போய் வந்தால் சரியாகிவிடுகிறது. காற்று வறண்டிருப்பதால்தான் என்கிறார் கட்டட மேலாளர். யூனிட் கூரைமேல் இருப்பதால் புகை உள்ளே வர வாய்ப்பே இல்லையாம்.

வாய்ப்பு இருக்கிறது. பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் தெளிவு, இரண்டும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நிறமில்லை, வாடை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் குறைந்த அளவே போதும் பாதிக்க. மறுபடி யாருக்காவது வந்தால் எல்லோரும் வெளியே வாருங்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணத் தலைவலி என்று அனுப்பிவிடுவார்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரண ஆக்சிஜன் மீட்டர் இதில் ஏமாற்றும், கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே காட்டும். யூனிட்டைச் சோதித்து முடிக்கும்வரை ஹீட்டிங் வேண்டாம்.

எப்படி உள்ளே வரும் என்றால், வழிகள் பல. ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசலை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இண்டியூசர் உள்ளே இழுத்துக்கொண்டும் ப்ளோயர் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டும் இருக்கும் யூனிட்டில் விரிசல் வழியாகக் காற்று பெரும்பாலும் குழாய்க்குள்தான் போகும். சுடர் கெட்டு கார்பன் மோனாக்சைடு அதிகமாகும், அது புகைபோக்கி வழியாக வெளியே வரும். வெளியே வந்தது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பக்கத்து யூனிட்டின் வெளிக்காற்று வாய், சில சமயம் அதே யூனிட்டின் வாய், அதை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும். உயரமான கைப்பிடிச் சுவர் சுற்றி இருந்தால் புகை அங்கேயே சுழலும். காற்று ஒரு திசையில் வீசும் நாட்களில் மட்டும் தலைவலி வருகிறதா என்று கவனித்து எழுதி வையுங்கள், சோதிக்க வருபவருக்கு அது பெரிய உதவி. அலுவலகத்தில் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன்கள் வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே காற்று வராவிட்டால் கட்டடம் கிடைத்த வழியிலெல்லாம் காற்றை இழுக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

வருபவர் புகைக் காற்றை அளக்கும் அனலைசர் கொண்டுவர வேண்டும். சுடர் நீலமாக இருக்கிறது, நல்லாத்தான் எரிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள். நன்றாக எரியும் பர்னரில் புகைபோக்கிக்குள் கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு) கீழே இருப்பது வழக்கம். எண் நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், எங்கிருந்து தொடங்கியது என்பது முக்கியமில்லை, நிறுத்திவிட வேண்டும். ப்ளோயர் ஓடுவதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். கீழே அறைகளிலும் அளக்க வேண்டும்.

அலாரம் மாட்டுங்கள், கட்டாயம். ஆனால் அலாரம் அடிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று மேலாளர் சொன்னால் ஏற்காதீர்கள். சாதாரண அலாரங்கள் பல, 70 பிபிஎம் அளவில்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் ஒலிக்கும்படி செய்யப்பட்டவை. அதற்குக் கீழான அளவில் நாள் முழுக்க உட்கார்ந்தால் தலை வலிக்கும், அலாரம் பேசாமல் இருக்கும்.

கேள்வி: இயற்கை எரிவாயுவுக்கு வாங்கிய யூனிட்டை புரொப்பேனில் ஓட்ட வேண்டும். ரெகுலேட்டர் திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும் என்கிறார்கள்.

போதாது. ஒரே அளவு புரொப்பேனில் இயற்கை எரிவாயுவைப்போல இரண்டரை மடங்கு வெப்பம் இருக்கிறது. பர்னருக்குப் போகும் துளைகளை மாற்ற வேண்டும், கேஸ் வால்வின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். இயற்கை எரிவாயுவுக்கு மேனிஃபோல்டில், அதாவது பர்னர்களுக்கு கேஸைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், பரவலாக 3.5 அங்குல நீர் அழுத்தம், புரொப்பேனுக்கு 10 அங்குலம் போல. அந்த மாடலுக்கென்றே உற்பத்தியாளர் தரும் மாற்றுப் பொருள்களை மட்டும் போடுங்கள். இருக்கும் துளையை டிரில் வைத்துச் சரிசெய்ய விடாதீர்கள். மாற்றிய பிறகு, இது புரொப்பேனுக்கு மாற்றப்பட்டது என்று யூனிட்டில் நிரந்தரமாக ஒட்டச் சொல்லுங்கள். சில வருடம் கழித்து வரும் வேறொரு மெக்கானிக்கின் உயிர் அந்த ஸ்டிக்கரில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து உயரமான ஊர் என்றால் காற்று மெலிந்திருக்கும், கேஸ் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதற்கும் கையேட்டில் அட்டவணை உண்டு.

கேள்வி: இரவில் யூனிட் நின்றுவிட்டால் தனியாக மேலே ஏறிப் பார்க்கச் சொல்கிறார்கள். மழையோ பனியோ இருந்தாலும். போகத்தான் வேண்டுமா?

வேண்டாம். கேஸைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம், ஆனால் இந்த வேலையில் விழுந்து அடிபடுவதும் அதே அளவு பெரிய கவலை. வழுக்கும் கூரையில், இருட்டில், தனியாக ஏறும் அளவுக்கு எந்த ஹீட்டரும் அவசரமில்லை. கீழே தற்காலிக மின்சார ஹீட்டர் வைத்துச் சமாளிக்கச் சொல்லுங்கள்.

ஏறும்போது ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற சாய்வில் நிற்க வேண்டும், கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும், கட்டியிருக்க வேண்டும். கருவிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள். பனி மூடிய கூரையில் வெளிச்சம் வர வைத்த பிளாஸ்டிக் தகடு தரை மாதிரியே இருக்கும், மிதித்தால் உள்ளே போய்விடுவீர்கள். எங்கெங்கே அந்தத் தகடுகள் இருக்கின்றன என்று வெயில் நாளிலேயே பார்த்து வரைந்து வைப்பது நல்ல பழக்கம்.

யூனிட்டைத் திறக்கும் முன் ஐசோலேட்டரை, அதாவது யூனிட்டுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, அணைத்து உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வையுங்கள். கீழே யாரோ "ஓடலையே" என்று பிரேக்கரைப் போட்டுவிடுவது சகஜம். அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும், சில யூனிட்டுகளுக்கு இரண்டு இடத்திலிருந்து பவர் வரும்.

கேள்வி: வருடா வருடம் சர்வீஸ் என்று வருகிறார்கள், அரை மணி நேரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். என்ன செய்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எண்களைக் கேளுங்கள். "எல்லாம் ஓகே" என்று எழுதிய தாளால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கேஸ் உள்ளே வரும் அழுத்தம், மேனிஃபோல்டு அழுத்தம், சுடரின் மைக்ரோ ஆம்பியர், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், புகையில் கார்பன் மோனாக்சைடு, இவை எண்ணாக வர வேண்டும். வெப்ப வித்தியாசம் எவ்வளவு இருக்கலாம் என்று பெயர்ப்பலகையிலேயே ஒரு வரம்பு போட்டிருக்கும், நீங்களே ஒப்பிடலாம். வரம்புக்கு மேல் போனால் காற்று குறைகிறது அல்லது கேஸ் அதிகம். போன வருட எண்ணுக்குப் பக்கத்தில் இந்த வருட எண்ணை எழுதி வைத்தால் மெதுவாக வரும் கோளாறு தெரிந்துவிடும். ஒரே எண் நாலு வருடமாக மாறாமல் வந்தால் அவர் அளக்கவில்லை.

ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கேமரா விட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள், படம் கேளுங்கள். பிரஷர் சுவிட்சுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தாரா என்றும் கேளுங்கள். அதில் தண்ணீர் நிற்பதும் குளவி கூடு கட்டுவதும் அடிக்கடி நடக்கும். லிமிட், ரோல்அவுட், பிரஷர் சுவிட்சுகள் நிஜமாகவே கேஸை நிறுத்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கடைசியில் கதவுகளில் எல்லாத் திருகுகளும் இருக்கின்றனவா என்று நீங்களே மேலே போய்ப் பாருங்கள். எட்டுத் திருகு இருக்க வேண்டிய கதவில் இரண்டுதான் இருந்தால் மழையும் காற்றும் பர்னர் பக்கம் புகும். சர்வீஸைக் குளிர் தொடங்குவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள், குறை கண்டுபிடித்தால் பொருள் வாங்கி மாற்ற நேரம் இருக்கும்.

ஃபில்டர் மாற்றுவது, சுற்றி இருக்கும் இலை தழையை எடுப்பது, பனியை வெளிக்காற்று வாயிலிருந்து விலக்குவது, இவற்றை நீங்களே செய்யலாம். கேஸ் வால்வு, பர்னர், வயர் என்று வந்தால் உரிமம் பெற்றவர்தான் தொட வேண்டும்.

கேள்வி: கட்டடத்துக்குள் பூச்சும் பெயின்ட்டும் நடக்கிறது. சீக்கிரம் காய புது யூனிட்டையே ஓட்டிவிடலாமா?

வேண்டாம். பூச்சுத் தூசி ப்ளோயரிலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்மேலும் படியும். அதைவிட மோசம், சில பெயின்ட், பசை, சுத்தம் செய்யும் திரவங்களின் ஆவியில் குளோரின் கலந்த பொருள்கள் இருக்கும். அவை பர்னரில் எரிந்தால் அமிலமாகி, புதிய ஹீட் எக்ஸ்சேஞ்சரையே அரித்துவிடும். பல உற்பத்தியாளர்கள் இப்படி ஓட்டினால் உத்தரவாதம் தர மாட்டார்கள். கட்டுமான இடத்துக்கென்று உள்ள தற்காலிக ஹீட்டரை, காற்றோட்டத்தோடு வையுங்கள். பூச்சு வேலை முடிந்து, டக்டைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்ட பிறகு யூனிட்டை முதல் முறை ஓட்டச் சொல்லுங்கள், அந்த முதல் நாள் எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.